மூன்றாவது இருக்கை

ரம்பத்தை ஓட்டி முடித்து, பிளாஸ்டிக் தூளை ஊதித் தள்ளிய பிறகுதான் பல் டாக்டருக்குத் தெரிந்தது, பொம்மை விமானத்தைத் தப்பான இடத்தில் வெட்டிவிட்டோம் என்று. விமானியின் இருக்கைக்குப் பின்னால் வெட்டியிருக்க வேண்டும். முன்னால் வெட்டியிருந்தார்.

வேறு யாராவது வெட்டியிருந்தால் சின்ன விஷயம். டாக்டரோ பதினோரு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், மாமனாரின் சொத்தைப் பல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் தேமே என்றிருந்த நல்ல பல்லைப் பிடுங்கியவர். மாமனார் சண்டை போடவில்லை. "பரவாயில்ல மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து மாப்பிள்ளை எதிரில் சாப்பிட மட்டுமே வாயைத் திறந்தார். அதையும் கையால் மறைத்துக்கொண்டு.

மாமனார் விமானப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ உண்டு. ரிப்பேருக்கு வந்த ஒற்றை இருக்கை விமானம், இரண்டு இருக்கையோடு வெளியே போன அன்று எடுத்தது. பக்கத்தில் விறைப்பாக அவர். அந்த மாதிரி விமானம் ஒன்றே ஒன்றுதான். அது எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், "அது பெரிய கதை" என்பார். கதை அதோடு முடிந்துவிடும்.

கடையில் கிடைத்தது ஒற்றை இருக்கை மாடல்தான். அதை இரட்டை இருக்கையாக்கி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும் மாமனார் கையில் கொடுத்துப் பல்லுக்கு மன்னிப்புக் கேட்பது என்று திட்டம்.

"ஒண்ணும் ஆகாது, வலிக்காது" என்று விமானத்திடம் சொன்னார் டாக்டர். வாய்ப் பழக்கம்.

வெட்டைப் பல் அடைக்கும் சிமென்ட்டால் பூசினார். கல்லாக இறுகியது. தேய்த்தபோது சிமென்ட் அசையாமல் நிற்க, சுற்றியிருந்த பிளாஸ்டிக்தான் தேய்ந்தது. விமானத்துக்குக் கன்னம் வீங்கியது. கனம் கூடி, மூக்குக் குப்புறக் கவிழ்ந்தது. வாலில் ஈயக் குண்டுகளைப் போட்டார். சக்கரக் கால் இரண்டும் வளைந்தன. பல் கட்டும் கம்பியால் கால்களை நிமிர்த்திவிட்டு, வீக்கத்தைக் குறைக்க டிரில்லை எடுத்தார்.

"என்னங்க, பார்த்து..." என்றாள் மனைவி.

கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"நல்லா வந்துட்டிருந்துச்சே! சரி, அது மேல இன்னொரு சீட்டை வச்சு மூடிடுங்க."

"ரெண்டு சீட் விமானம்டி அது."

"அப்பாவுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்க."

பின்னால் இரண்டாவது இருக்கையை ஒழுங்காக வைத்தார். முன்னால், இஞ்சின் மடியில் உட்கார்ந்ததுபோல், மூன்றாவதையும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விமானத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டுக்கொண்டு போனது.

"மூணாவது யாருக்கு மாப்பிள்ளை?"

டாக்டர் பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை.

"தப்பான இடத்துல வெட்டிட்டேன் மாமா. ஓட்டை விழுந்துடுச்சு. மறைக்கத்தான் அந்த சீட். அன்னைக்கு உங்க பல்லையும் தெரியாமத்தான்... பதினோரு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மகள் அங்கே பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கம் குனிந்தார். கை வாயை மறைக்கவில்லை. பல் போன இடம் நன்றாகவே தெரிந்தது.

"போட்டோல இருக்கிற அந்த ரெண்டாவது சீட்டும் ஓட்டையை மறைக்க வச்சதுதான் மாப்பிள்ளை. வெட்டினது நான்."