செலவில்லாத கொசுறு

மகளை வீட்டோடு வைத்துக்கொள்ள ஆகும் விலை இருநூற்று நாற்பது மலேசிய வெள்ளி என்று கம்ப்யூட்டர் கடை சதீஷ்குமார் சொன்னான். ஷம்சுதீன் தாடியை ஒருமுறை தடவிவிட்டு, "நூத்தி எண்பதுன்னு போடு" என்றார்.

மேசைமேல் தோசைத்தட்டு அளவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. ஆக்சஸ் பாயிண்ட் என்று பெயராம். இன்டர்நெட் லைனை இழுத்து வீடு முழுக்கப் பரப்புமாம்.

"பாய், இது துணி இல்ல, பேரம் பேச. ஃபிக்ஸ்ட் பிரைஸ்."

"கிள்ளான்ல ஃபிக்ஸ்ட் பிரைஸ்னா அது பஸ் டிக்கெட்டுக்கு மட்டும்தான் லா."

ஷம்சுதீனுக்குக் கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. ஒரே மகள் சுமையா மாடிப் பின்னறையில் உட்கார்ந்து ஒரு சிங்கப்பூர் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். கொஞ்ச நாளாகவே மீட்டிங்கில் அவள் முகம் வாயைத் திறந்தபடி உறைந்துபோனது. கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்து மேனேஜர் ஒருமுறை எச்சரித்தேவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மீட்டிங்.

"அதுக்குள்ள லைன் சரியாகலன்னா நான் பூச்சோங் போறேன் அத்தா. என் ஃப்ரெண்ட் ரோகிணி வீட்ல ஒரு ரூம் காலியா இருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

அழவில்லை, கத்தவில்லை. ஷம்சுதீன் அதில்தான் பயந்துபோனார். பேரம் பேசும் குரல் எது, பேசாத குரல் எது என்று அவருக்குத் தெரியாதா?

"வீட்ல எத்தனை பேர் லைன் யூஸ் பண்றீங்க பாய்?"

"மூணு பேர். அதுலயும் என் சம்சாரம் கணக்குல வரமாட்டா. பிரியாணி வீடியோ பாத்துட்டு ரசம் வைக்கிறவ."

"அப்ப இது தாராளம். வீட்டுக்கு வந்து மாட்டித் தர்ற கூலி அறுபதும் சேர்த்துத்தான் அந்த விலை."

"நீ வராதே. அறுபதைக் கழி."

"வீட்டைப் பாக்காம எப்படி பாய்?"

"முப்பது வருஷமா கடை நடத்துறேன். ஒரு ஆணி அடிக்க எனக்குத் தெரியாதா?"

சதீஷ்குமார் பெருமூச்சு விட்டான். ஊரில் அவன் அப்பாவும் இப்படித்தான். "சரி, இங்கேயே செட் பண்ணித் தரேன். பாஸ்வேர்டு புதுசா வச்சிரலாமா?"

ஷம்சுதீன் பதறிப்போனார். "அதுல மட்டும் கை வைக்காதே! பழசே இருக்கட்டும். ராசியான பாஸ்வேர்டு. அது வந்தப்புறம்தான் யாவாரமே சூடுபிடிச்சுது."

வீட்டுக்கு வந்ததும் சுமையா, "என் ரூம் பக்கத்துல மாட்டுங்க அத்தா" என்றாள்.

"நல்ல சரக்கை உள்ள வச்சா யாரும்மா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, கடை வாசலில், பட்டுப்புடவை கட்டிய பொம்மையின் தலைக்கு மேல் ஆணி அடித்து மாட்டினார்.

மறுநாள் பண்டமாரானிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவர் இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு, "பத்து வெள்ளி குறைங்க பாஸ்" என்று அடம்பிடித்தார். ஷம்சுதீன் விலை குறைக்கிற ஆளா? கல்லாவுக்கு மேலே குனிந்து, "உங்களுக்கு மட்டும்" என்று அவர் காதோரம் ஏதோ சொன்னார். லோரிக்காரர் முகம் மலர்ந்தது. முழு விலையையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். செலவில்லாமல் கொசுறு கொடுப்பதில் ஷம்சுதீனை அடிக்க அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

சாயங்காலம் சுமையா இறங்கி வந்தாள். "அத்தா, முந்தி பேச்சாவது வந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

மறுபடி சதீஷ்குமார். மறுபடி பேரம். இந்தத் தடவை வாங்கியது போர்ட் கிள்ளான் கிடங்குகளில் மாட்டுகிற பெரிய ரகம். "கண்டெய்னர் மலைக்கு அந்தப் பக்கமும் பிடிக்கும் பாய்" என்றான். இரண்டாக வாங்கினால் விலை குறையும் என்றதும் ஷம்சுதீன் இரண்டாகவே வாங்கினார். ஒன்றை சுமையா சொன்னபடி மாடியில் மாட்டினார். இன்னொன்றைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல், வாசலில் இருந்த தோசைத்தட்டைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டினார்.

மாடியில் சிக்னல் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நின்றன. ஆனால் ஒன்றும் ஓடவில்லை.

"அடுப்பு நல்லாத்தான் எரியுது. பானைதான் காலி" என்றாள் மனைவி நூர்ஜஹான்.

ஆனாலும் ஷம்சுதீனுக்கு ஓர் ஆறுதல். கடை முன்னால் இப்போதெல்லாம் நல்ல கூட்டம். எதிர்ச் சாப்பாட்டுக்கடை வரைக்கும் ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக் கனகசபை ஐயா, மடக்கு நாற்காலியும் டேப்லட்டுமாக, ஆபீசுக்கு வருவதுபோல் காலையிலேயே வந்துவிடுவார்.

"புதுச் சாமான் மாட்டின நேரம், பரக்கத்து கொட்டுது பாத்தியா!"

"நிக்கிறாங்க, சரி. உள்ள வரலையே?" என்றாள் நூர்ஜஹான்.

"வெளிய நிக்கிறவன் ஒரு நாள் உள்ள வராமலா போயிடுவான்?"

வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு ஷம்சுதீன் மனைவியின் போனைப் பிடுங்கி அணைத்தார். தன் போனையும் அணைத்துக் கல்லாவில் போட்டுப் பூட்டினார். லைன் முழுவதும் மகளுக்கே. மாடிப்படியில் உட்கார்ந்து காது கொடுத்தார்.

"ஹலோ? கேக்குதா? கேன் யூ ஹியர் மீ? ஹலோ?"

அதோடு சரி. அரை மணி கழித்துச் சுமையா பையோடு கீழே வந்தாள்.

"திங்கக்கிழமை இன்னொரு சான்ஸ் கொடுத்திருக்காங்க. அதை பூச்சோங்ல இருந்தே பாத்துக்கறேன். கார் வந்துடுச்சு அத்தா."

நூர்ஜஹான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஷம்சுதீன் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிறந்ததிலிருந்து முதன்முறையாக அவர் பேரம் பேசாமல் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்.

கனகசபை ஐயா தலையைத் தூக்கினார். "பிள்ளை எங்க வெளிக்கிடுறா?"

"பூச்சோங்குக்கு ஐயா. இனிமே அங்கதான்."

"நல்லதாப் போச்சு தம்பி. அவ மேல மீட்டிங் வைக்கேக்க கீழ எங்கட நாப்பது பேருக்கும் லைன் இழுபடுது."

பை ஷம்சுதீன் கையிலிருந்து நழுவியது. "எந்த லைன்?"

"உங்கட லைன்தான். வேட்டிக்குப் பத்து வெள்ளி குறைக்கச் சொல்லிக் கேட்டன். நீங்கள் குறைக்காமல் காதுக்குள்ள பாஸ்வேர்டு சொன்னீங்களே, 'உங்களுக்கு மட்டும்' எண்டு."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாரு!" என்றார் லோரிக்காரர். சாப்பாட்டுக்கடைப் பக்கமிருந்து, "எனக்கும்!" "எனக்கும்!" என்று குரல்கள் வந்தன.

சுமையா அத்தாவையே பார்த்தாள். அவர் பட்டுப்புடவைப் பொம்மையைப் பார்த்தார்.

சுமையா காரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள். "நான் எங்கேயும் போகல. இப்பவே பாஸ்வேர்டை மாத்தறேன். புதுசு என்னன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன் அத்தா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

ஷம்சுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாசலில் நாற்பது திரைகளும் ஒரே நேரத்தில் சுற்றிச் சுற்றி நின்றுபோயின.

கனகசபை ஐயா நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு முன் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் லோரிக்காரர். அவருக்குப் பின்னால் வரிசை எதிர்ச் சாப்பாட்டுக்கடை வரை நீண்டது.

"கொசுறைத் திருப்பி எடுத்திட்டீங்கள் தம்பி. அப்ப அண்டைக்குக் குறைக்காத காசைத் தாங்கோ. நாப்பது பேர், ஆளுக்குப் பத்து, மொத்தம் நானூறு வெள்ளி. ஃபிக்ஸ்ட் பிரைஸ்."