கெப்டனுக்குப் பிழை சொல்லும் பயிற்சி

சிலாவத்துறை,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மனைவி உம்மு குல்சூமுக்கு,

உன் மீதும், நீ சமைத்துப் போடும் அந்த வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் மகள் ஜெஸ்லியாவும் நலம். கடிதமென்றால் நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம், என் இடது தோளைத் தவிர. அந்தக் கதை பின்னால் வரும்.

போன் இருக்கும்போது இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். வெள்ளிக்கிழமைகளில் உன் மேடம் தரும் இருபது நிமிடத்தில் பதினெட்டை மகள் எடுத்துக்கொள்கிறாள். மிச்சம் இரண்டு நிமிடத்தில் உன் முகம் திரையில் வந்து நிற்க, எனக்குக் கதை வராமல் போகிறது. பதினாலு வருடமாக மன்னாருக்கும் முள்ளிக்குளத்துக்கும் பஸ் ஓட்டி, ஏறுகிற இறங்குகிற சனத்தோடெல்லாம் வாய் ஓயாமல் கதைக்கிறவன் நான். உன்னைக் கண்டால் 'சாப்பிட்டியா' என்ற ஒரே ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. போன வெள்ளி நீ, "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கட்டா, இல்லாட்டி வரட்டா?" என்று கேட்டாய். நான் "நெட்வேர்க் சரியில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு றஸ்னா லீவு முடிந்து புதன் பின்னேரம் ரியாத்துக்குத் திரும்புகிறாள். அவள் வேலை செய்யும் வீடு உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தானே, கையிலேயே தருவாள்.

பதிலுக்கு முன் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். விமானக் கொம்பனி பயிலுநர் விமானிகளை எடுப்பதும், நம் மகள் கணினியில் எழுதிய முதல் சோதனையில் தேறியதும், வருகிற புதன் கொழும்பில் நேரில் வைத்துப் பரிசோதிக்கப் போவதும் உனக்குத் தெரியும். அதற்கு நாங்கள் மூன்று கிழமையாக எப்படி ஆயத்தமாகிறோம் என்பதை மட்டும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குக் கணிதம் படிப்பித்த நிறோஜன் மாஸ்ரர் இணையத்திலிருந்து ஒரு கட்டுக் கடதாசி எடுத்துத் தந்தார். அதில் முதலாவது மனக்கணக்கு. அதை என் பஸ்ஸிலேயே பழகலாம் என்று அவளை முன் சீற்றில் இருத்தினேன். அரிப்பிலிருந்து சிலாவத்துறைக்கு இத்தனை கிலோமீற்றர், இந்த வேகத்தில் போனால் எத்தனை நிமிடம் என்று நான் கேட்பேன், அவள் சொல்வாள். இரண்டு நாளில் பஸ் முழுக்கக் கணக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது. மீன் கூடையோடு ஏறிய ஒரு அம்மா, "அந்தப் பிள்ள பன்ரெண்டு நிமிசம் எண்டு சொல்லிப்போட்டுது, நீங்க பதினெட்டு எடுத்திட்டீங்க, பிழை உங்கட" என்று என்னோடு சண்டை பிடித்தார். நான் கடலைக்காரன் வீட்டடியில் ஒருவருக்காக நிறுத்தியதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யப் பழகுவது. வலது கையால் வட்டம், இடது கையால் சதுரம் கீறிக்கொண்டு, நான் வாசிக்கும் இலக்கங்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். இலக்கம் வாசித்துக்கொண்டே மீன் பொரித்தவன் நான். அன்றைக்கு நாங்கள் முட்டை சாப்பிட்டோம். பிறகு நேர்முகக் கேள்விகள். "ஏன் விமானியாக விரும்புகிறீர்?" என்று மாஸ்ரர் கேட்டதற்கு உன் மகள் சொன்ன பதிலைக் கேள். "பஸ்ஸில ஏறினா எல்லாரும் வாப்பாவுக்கு இஞ்ச நிப்பாட்டுங்கோ, அங்க நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுவாங்க சேர். பிளேன்ல ஒருத்தரும் சொல்லேலாது." மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்தப் பதிலை மனசுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாவது குழுப் பயிற்சி. அதற்கு ஆள் வேண்டுமென்று என் கொண்டக்டர் பைசர் நானாவையும் றஸ்னாவையும் வீட்டுக்கு அழைத்தோம். ஆளில்லாத தீவில் விமானம் விழுந்துவிட்டதாம், பதினைந்து பொருளில் ஐந்தை மட்டும் எல்லாரும் பேசித் தெரிவு செய்ய வேண்டுமாம். யார் வெல்வது என்பதல்ல, எப்படிப் பேசுகிறோம் என்பதைத்தான் பார்ப்பார்களாம். பைசர் நானா தொடக்கத்திலேயே ஒரு பொருளும் வேண்டாம் என்றார்.

"தீவெண்டா ஏன் பயப்பிடுறீங்க? பாலத்தால நடந்து வந்தா ஆறே முக்கால் பஸ்ஸப் புடிக்கலாமே."

"நானா, இது மன்னார்த் தீவில்ல" என்றாள் மகள்.

"பாலம் இல்லாத தீவுக்குப் பிளேன ஏன் விட்டவங்க?"

அவரை அமர்த்தி முடிவதற்குள் றஸ்னா கேட்டாள், அந்தத் தீவில் மேடம் யாராவது இருப்பாரா என்று. ஆளே இல்லாத தீவு என்று மகள் விளக்கினாள். "அப்ப நான் அங்கயே இருக்கன். என்ன ஒருத்தரும் தேட வேணாம்" என்றாள் றஸ்னா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் மட்டும் கொஞ்சம் முன்னதாக நிறுத்திவிட்டேன்.

இனித்தான் விஷயம். மாஸ்ரரின் கடதாசியில் கடைசிப் பயிற்சி இப்படி. திரையில் விமானம் பறக்கும். பக்கத்தில் ஒரு கெப்டன் இருந்து வேண்டுமென்றே பிழை விடுவார். உதவி விமானி அந்தப் பிழையைச் சொல்ல வேண்டும். "கெப்டன் பிழை விடுறது தெரிஞ்சும் வாய் திறக்காம இருந்ததாலதான் கன விமானம் விழுந்திருக்கு" என்றார் மாஸ்ரர். அதற்கு மூன்று படி. முதலில் மரியாதையாகக் கேட்க வேண்டும். கேட்டும் திருந்தாவிட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லியும் திருந்தாவிட்டால் 'நிறுத்துங்கள்' என்று கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டும். கெப்டன் வேலைக்கு நம் வீட்டில் வேறு யார் இருக்கிறார்? முதல் நாள் இரண்டு பிளாஸ்ரிக் கதிரையைப் பக்கத்தில் போட்டுப் பறந்தோம். இடது பக்கம் திரும்பும்போது நான் உணர்ச்சிவசப்பட்டுச் சாய்ந்ததில் கதிரையின் கால் உடைந்தது. தோளின் கதை அதுதான். அடுத்த நாளிலிருந்து பின்வளவில் நிறுத்தியிருக்கும் பஸ்ஸுக்கு மாறினோம்.

நான் என்ன பிழை விட்டாலும் உன் மகளுக்கு வாய் வரவில்லை. மலையை நோக்கி இறங்குகிறேன் என்றேன். "ஓம் வாப்பா" என்றாள். எண்ணெய் இல்லாமல் இந்தியா வரைக்கும் போகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா, தேத்தண்ணி போடட்டா?" என்றாள். இருபது வயதாகிறது, இதுவரை ஒரு தடவை என்னை எதிர்த்துப் பேசியதில்லை. நீ அவளுக்குப் பன்னிரண்டு வயதில் போனாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நானும் அவளும் ஒருவர் மனம் நோகாமல் மற்றவர் நடக்கவே பழகியிருக்கிறோம். பைசர் நானா, "நீர் நல்ல பிழையா விடும், அப்பத்தான் பிள்ளைக்கு ரோசம் வரும்" என்று எனக்கு ஆலோசனை சொன்னார்.

நேற்று வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஐயாயிரம் அடிக்கு இறங்குகிறேன் என்று சொல்ல, அவள் நேரே முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "கெப்டன், ஒரு கேள்வி. நேத்து வெள்ளிக்கிழமை நெட்வேர்க் நல்லாத்தானே இருந்தது?" என்றாள். நான், "உயரத்தக் கவனி" என்றேன். "கெப்டன், நீங்க பிழையாப் போறீங்க. உம்மா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல்ல. உம்மா போன வெச்சிட்டுக் குசினியில நிண்டு அழுதிருப்பா." நான், "நாலாயிரம் அடி" என்றேன். அவள் கையை நீட்டினாள். "கெப்டன், நிப்பாட்டுங்கோ. போன என்னட்டத் தாங்கோ. நான் உம்மாவை வரச் சொல்றன்."

உம்மு குல்சூம், எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது! "இது என்ட பஸ். இறங்கு" என்று கத்தினேன். அவள் மூன்றாம் படி வரை சரியாகச் செய்திருந்தாள், அதற்கு நான் ஒரு சபாஷ் கூடச் சொல்லவில்லை. வாளியும் துணியுமாகப் பஸ் கழுவிக்கொண்டிருந்த பைசர் நானா, கழுவிய சில்லையே திரும்பத் திரும்பக் கழுவினார். நேற்றிலிருந்து நான் எதைக் கேட்டாலும் அவள் "ஓம் கெப்டன்" என்கிறாள். சோறு போட்டு வைக்கிறாள், "கெப்டன், சோறு" என்கிறாள். இந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தால் நடுவில் நின்று சமாதானம் செய்திருப்பார்.

ஆனபடியால் நான் நன்றாக யோசித்து உனக்குச் சொல்லும் பதில் இதுதான்: கையெழுத்து வை. இரண்டு வருடம் பெரிய காலமல்ல. உன் மேடத்தின் தாயார் நீ ஊட்டினால்தான் வாய் திறப்பார் என்று நீயே சொன்னாய், அந்த மனுசியை விட்டுவிட்டு எப்படி வருவது? குளியலறைக்கு இன்னும் டைல்ஸ் பதிக்கவில்லை, நீ வந்து பார்த்தால் வருத்தப்படுவாய். மகள் தெரிவானால் அவளுக்கு ஆயிரம் தேவை வரும், தெரிவாகாவிட்டாலும் வேறு படிப்பு இருக்கிறது. எங்களைப் பற்றி யோசிக்காதே. நான் சமைக்கப் பழகிவிட்டேன். உன் பக்கத்துத் தலையணையை வெயிலில் போட்டுத் தட்டி வைக்கிறேன். மழைக்காலம் என்பதால் அடிக்கடி தட்ட வேண்டியிருக்கிறது. வேறொன்றும் குறையில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவசரப்பட்டு வரப் பார்க்காதே. இது வீட்டுத் தலைவன் ஆறுதலாக எடுத்த முடிவு.

சீலாக் கருவாடு ஒரு பொதியும், நீ கேட்ட பனங்கட்டியும் றஸ்னாவிடம் கொடுத்திருக்கிறேன். உன் வீட்டு மூத்த மனுசிக்கு என் சலாத்தைச் சொல். மாஸ்ரரும் பைசர் நானாவும் உன்னை விசாரித்தார்கள். உன் காலுக்கும் கைக்கும் பலத்தையும், கண்ணுக்கு நல்ல நித்திரையையும் அல்லாஹ் தர வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன்.

உன் கணவன்,
சாஹுல் ஹமீட்.

பி.கு.: இது புதன், பகல் இரண்டரை மணி. கொழும்பில் அந்த விமானக் கொம்பனிக் கட்டடத்துக்கு எதிரே வாங்கில் இருந்து எழுதுகிறேன். எயார்போட்டுக்குப் போகப் பெட்டியோடு வந்த றஸ்னா பக்கத்தில் இருந்து மணிக்கூட்டைப் பார்க்கிறாள். இங்கே வரும் வழி முழுக்க, வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில், என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. காலை எட்டு மணிக்கு மகள் உள்ளே போனாள். போகும்போதும் "வாறன் கெப்டன்" என்றுதான் சொன்னாள். இப்போதுதான் வெளியே வந்தாள். நாற்பது பேரில் ஏழு பேரை மருத்துவப் பரிசோதனைக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள். நம் பிள்ளை அதில் ஒருத்தி. அதுவும் சரிவந்தால் பதினாலு மாதம் வெளிநாட்டில் பயிற்சி.

"கெப்டன் பிழை விட்டாரா?" என்று கேட்டேன்.

"விட்டார். உயரம் பிழை. முதல் கேட்டன், பிறகு சொன்னன்."

"மூண்டாவது?"

"தேவைப்படல்ல வாப்பா. 'ஓம், நீங்க சொல்றது சரி' எண்டு சொல்லிப்போட்டு உயரத்தைத் திருத்தினார்."

"ஏசல்லையா?"

"இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தோளில் நான்கு பட்டி வைத்த மனிதராம், தலை நரைத்தவராம். அவருக்கு அது அவ்வளவு லேசாக வந்திருக்கிறது. நான் மகளிடம், "சனிக்கிழமை பஸ்ஸில நீ சொன்னதுதான் சரி" என்றேன். சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, ரோட்டில் வாகனங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவள்தான் என் சட்டைக் கையில் முகத்தை வைத்து அழுதாள்.

ஆனபடியால் மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடு. வேறு தாள் இல்லாததால் திருப்பி எழுதவில்லை. கையெழுத்து வைக்காதே, வா. டைல்ஸை நான் நாளைக்கே பதிப்பேன், பதிக்காவிட்டாலும் வா. பிள்ளை பயிற்சிக்குப் போவதற்கு முன் வந்தால் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கலாம். அவள் போன பிறகுதான் வர முடியும் என்றாலும் வா, எனக்கு அது இன்னும் நல்லது. இந்தக் கடைசி வரியை றஸ்னாவுக்கு வாசித்துக் காட்டாதே.