லினக்ஸில் அகப்பட்ட பாட்டுத்தாள்

மிச்சம் (Mitcham), லண்டன்
சனிக்கிழமை மதியம்

அன்புள்ள கிறிஸ்துநாயகம் அண்ணைக்கு,

லினக்ஸ் போட்ட கணினிக்கு ஒரு தமிழ் எழுத்துருவை எங்கே போய்த் தேடுவது? எனக்கு விடை தெரியாது. பாரிசில் இருக்கும் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை. ஆனாலும் பயத்தை யாரிடமாவது சொல்லத்தானே வேண்டும்; அதுதான் இதைப் போனில் அடிக்கிறேன். நாங்கள் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி?

பழைய லப்டொப்புக்குப் புது விண்டோஸ் ஏறாது என்றதும், என் மனுசன் றமணன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அதற்குப் பதிலாக லினக்ஸைப் போட்டார். இலவசமாம். இலவசமாக ஏன் தருகிறார்கள் என்று கேட்டேன். "உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார். மென்பொருள் எடுக்கும் பக்கத்தைத் திறந்து, கடிதம் எழுத ஒன்று கேட்டேன். முப்பது காட்டியது, ஒன்றின் பெயரும் நான் கேள்விப்பட்டதில்லை. எதைத் தொட்டாலும் கடவுச்சொல் வேண்டுமாம். திரையில் வந்த கறுப்புப் பெட்டிக்குள் அதைத் தட்டினால் ஒரு புள்ளிகூட விழவில்லை. எவனோ அந்தப் பக்கம் இருந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்குகிறான் என்று இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். "அது அப்பிடித்தானப்பா, காட்டாது!" என்று கத்தினார். காட்டாததை எப்படி நம்புவது? ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவள் கேட்கக்கூடாத கேள்விதான்.

உண்மையான ஆபத்து இனித்தான். நாளை எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்த் திருவிழாப் பூசை. பாட்டுத்தாள் நூற்றிருபதும் என் பொறுப்பு. எங்கள் ஆட்கள் பலரையும் போல, பன்னிரண்டு வருடமாக எல்லாப் பாட்டையும் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறேன். அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இல்லை; ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. பாடகர் குழுவை நடத்தும் றோஸ்மலர் அக்கா, போன வருடம் ஒரு வரி விடுபட்டதற்கே மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணை, உங்களிடம் பழைய தாள் இருந்தால் உடனே படம் எடுத்து அனுப்புங்கள்.

மாதா உங்கள் வீட்டையும், ஏலுமென்றால் என் லப்டொப்பையும் காக்கட்டும்.

தங்கை,
றூபினி

பி.கு. (ஞாயிறு மாலை): இதை அனுப்பப் போன நேரம் றமணன் பாமினியைத் தேடிப் போட்டுவிட்டார். இரண்டே அழுத்து, தமிழ் அப்படியே வந்தது. லினக்ஸைத் திட்டியதற்கு வெட்கப்பட்டேன். அச்சடிக்கப் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக் கணினியில் விண்டோஸ் இருந்தது, பாமினி இல்லை. வந்த தாள்களைப் பார்க்காமலே இன்று கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தும் முடித்துவிட்டார். முன்வரிசைப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, "இண்டைக்கு லத்தீன் பூசையோ?" என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். பாட்டுத் தொடங்கியது, எல்லாருக்கும் எல்லாப் பாட்டும் மனப்பாடம். பூசை முடிந்ததும் றோஸ்மலர் அக்கா நேரே தூணடிக்கு வந்தார்.

"அடுத்த வருசமும் இந்தத் தாளையே கொண்டு வாரும், பிள்ளை. ஒருத்தரும் தாளைப் பார்க்கக் குனியேல்லை. எல்லாரும் நிமிர்ந்து நிண்டு பாடினவை."