மலையை விட்டு ஒரு கல்லும் போகாது

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கல்லைக்கூட அரசாங்கம் கொண்டுபோக விடுவதில்லை என்று 1979-இல் பஞ்சாட்சரம் சபதம் எடுத்தார். மூன்று முறை சிறை சென்றவர். சாலை கேட்டபோது வராத அரசாங்கம், கல் பொறுக்க மட்டும் ஜீப்பில் வந்துவிட்டதே என்று அவருக்குப் பொருமல். விடிந்ததிலிருந்து ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் முழங்கினார்.

வீட்டில் அவருக்கு இன்னொரு போராட்டம். கல்யாணமான புதிதில் மலையிலிருந்து அவரே உருட்டி வந்து செதுக்கிய அம்மி. சட்னி நெறுநெறுக்கிறது, மாற்றுங்கள் என்று மனைவி மங்கம்மாள் பதினெட்டு வருடமாக மனு கொடுக்கிறாள். உழைப்பின் சின்னம் என்று அவர் தள்ளுபடி செய்கிறார்.

ஜீப்பில் வந்திருந்த கல் ஆய்வாளர் ஆதிநாராயணன் பொறுமைசாலி. "ஐயா, நான் தேடுறது மணல் சத்து குறைஞ்ச பாறை. அதுல நெஃபலின்னு ஒரு கனிமம். எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும். புளிப்பு பட்டா மெல்ல அரிச்சுடும். ஒரு துண்டு போதும்."

"துகள்கூடக் கிடையாது!"

மங்கம்மாள் குறுக்கிட்டாள். "புளி அரைச்சா குழி வுழுமா சார்?"

"விழும்மா."

"நீ உள்ள போடி!" என்றார் பஞ்சாட்சரம். அவள் உடனே போய்விட்டாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மதியம் ஆய்வாளருக்குக் கூழ் கொடுத்தவள், வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் அடுத்த கோஷத்தை யோசித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் ஜீப் கிளம்பத் தயாரானது. பஞ்சாட்சரம் சீட்டுக்கு அடியில்கூடக் கைவிட்டுத் துழாவினார். கல் இல்லை. வெற்றி!

"எங்கம்மா வூட்டுக்குப் புளி. செங்கத்துல எறக்கிடுவாங்க. தூக்கி வைங்க," என்று மங்கம்மாள் ஒரு மூட்டையைக் காட்டினாள்.

தாய்வீட்டுக்குப் பெண் கட்டிய மூட்டையைப் புருஷன் அவிழ்த்துப் பார்ப்பது அந்த ஊரில் மானக்கேடு. தூக்கினார். இடுப்பு முறுக்கிக்கொண்டது.

"இன்னாடி, புளியா இரும்பா?"

"மூணு தடவ ஜெயிலுக்குப் போன ஆளு. ஒரு மூட்டைக்கே மூச்சு வாங்குதா?"

கூட்டம் சிரித்தது. மூட்டை ஒரே வீச்சில் ஜீப்பில் ஏறியது.

எட்டாம் நாள் ஜீப் திரும்பி வந்து, புத்தம்புதிய கருங்கல் அம்மி ஒன்றையும் ஒரு கடிதத்தையும் இறக்கியது. ஊரில் தடங்கலின்றிப் படிப்பவர் பஞ்சாட்சரம் ஒருவர்தான். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

மேடைக் குரலில் ஆரம்பித்தார்: "தம் வீட்டு அம்மியை ஆராய்ச்சிக்கு வழங்கி, இம்மலையின் முதல் கல்லைத் தம் கையாலேயே ஜீப்பில் ஏற்றிய திரு. பஞ்சாட்சரம் அவர்களுக்கு..."

குரல் இறங்கியது. நின்றது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றாள் மங்கம்மாள். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலயாம். மொதல்லேர்ந்து படிங்க."