மீன்மொழி வல்லவரின் 'ம்'

மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்தில் ஒரு வகை மனிதர் பெருகிவருகிறார். கூலிமில் இருக்கிறார், பாடாங் செராயில் இருக்கிறார், பாக்கார் ஆராங்கிலோ தெருவுக்கு ஒருவர். 'மீன்மொழி வல்லவர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அடையாளம் காண்பது சுலபம். கூடத்தில் கண்ணாடித் தொட்டி, கையில் கைப்பேசி, வாயில் 'ம்'.

நம் யோகேந்திரனையே எடுத்துக்கொள்ளுங்களேன். பவளப்பாறை மீன்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று வீடியோ பார்த்துப் பார்த்தே தேறியவர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பிடித்துக்கொண்டு, கோமாளி மீன் தாடையைப் படக்கென்று மூடி 'இது என் வீடு, தள்ளிப் போ' என்று மிரட்டுவதையும், இன்னொரு மீன் வயிற்றுக் காற்றுப்பையை உறுமி மேளம் மாதிரி அதிரவைப்பதையும், வேறொன்று தொண்டைப் பல்லை நறநறவென்று தேய்ப்பதையும், ஆண் மீன் ஒன்று முங்கி எழுந்து கீச்சிட்டுப் பெண் மீனை அழைப்பதையும் பாயசம் வரும்வரை சொல்வார். பாயசம் வந்த பிறகும் சொல்வார்.

"கடல் அமைதியா இருக்கும்னு நெனைக்கிறீங்களா அண்ணே? விடிஞ்சா பாசார்ல கூவி விக்கிற மாதிரி இருக்கும் லா!"

வீட்டில்? 'ம்'.

மனைவி பிரேமாவதி "அடுப்புல கேஸ் முடிஞ்சிருச்சுங்க" என்றால் 'ம்'. "எதிர்வீட்டு நாய் என்னைக் கடிச்சிருச்சுங்க" என்றாலும் 'ம்'.

போன மாதம் மகள் சாந்தினி தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சம்மதிக்காமல் விமானம் ஏறமாட்டாள்.

"போகட்டுமாப்பா?"

"ம்."

"நெசமாவா?"

"ம்."

மீனை மறைக்கிறாளே என்று அவர் தலையைச் சாய்த்தார். அது ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து வாசலில் பெட்டியைப் பார்த்தவர், "யாரு ஊருக்குப் போறா?" என்றார்.

"உங்க மகதான். நீங்கதானே சரின்னீங்க?" என்றாள் பிரேமாவதி.

"நான் எப்போ சொன்னேன்?"

"'ம்'ன்னீங்களே! ரெண்டு தடவ!"

"அது கேட்டுக்கிட்டிருக்கேன்ங்கிற 'ம்' பிரேமா! சம்மத 'ம்' வேற லா, கொஞ்சம் நீளும்!"

"மீனாவது வெரட்டுறதுக்கு ஒரு சத்தம், கூப்புடுறதுக்கு ஒரு சத்தம் வச்சிருக்கு. கட்டிக்கிட்ட நாள்லேருந்து உங்ககிட்ட ஒரே சத்தம். நாங்க எந்த வீடியோவப் பாத்துப் படிக்கிறது?"

சாந்தினி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "வேணாம்னா போகலப்பா. ஆனா வாயத் தொறந்து சொல்லுங்க."

திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். தொட்டி மீன்கூட அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் மகளை எழுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காடிக் கதவைத் திறந்து பின்சீட்டில் வைத்தார்.

பினாங்கு விமான நிலையத்தில், "போய்ச் சேந்ததும் போன் பண்ணும்மா, பேசலாம்" என்றார். முழு வாக்கியம்! பிரேமாவதி பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

சாந்தினி தினமும் கூப்பிடுகிறாள். அவள்தான் பேசுகிறாள். இந்த முனையில் பழைய 'ம்'தான். ஆனால் அது இப்போது கொஞ்சம் நீளுகிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களை ஏதோ கேட்டார்களே, நீங்களும் தலை நிமிராமல் ஒரு சத்தம் கொடுத்தீர்களே, எதற்குச் சம்மதித்தீர்கள் என்று போய் விசாரியுங்கள். அப்படியே வாசலில் பெட்டி ஏதும் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

என்ன, 'ம்'மா?