உள்ளே ஒருத்தர்

"உள்ளே ஒருத்தர் இருக்கார்டி. இனிமே ஊசி போட்டாலும் வெளியே தள்ள முடியாதாம்" என்று கண்ணாடிக்கடை அக்கா தன் தங்கையிடம் போனில் சொன்னபோது, எதிரே லிஃப்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே லிஃப்ட்காரர் முழங்காலிட்டு பட்டன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை அப்படியே நின்றுபோனது.

அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. கடையில் மூக்குக்கண்ணாடி பார்க்க வந்தவர்கள் நாலு பேர். அவர்கள் காதுபட ஹெச்பிவி கிருமியைப் பற்றியா பேசுவது? அக்காவும் தங்கையும் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாடி டாக்டரம்மா கருப்பை வாய்ச் சோதனையில் கண்டுபிடித்த விருந்தாளி. எப்போது வந்தார் என்று யாராலும் சொல்ல முடியாதாம். சில பேரிடம் வருஷக்கணக்காக மூச்சுக் காட்டாமல் இருப்பாராம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடுவாராம். போகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். அவர் விட்டுப்போனது ஒரு குடை, ஒரு ரேடியோ, ஒருவேளை இந்த விருந்தாளி. மூன்றில் குடைதான் இதுவரை உபயோகப்பட்டிருக்கிறது.

லிஃப்ட்காரர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை பழுப்புச் சட்டையில் வருவார். பலகையைத் துடைப்பார், கதவு ஓடும் பள்ளத்தைக் குனிந்து ஊதுவார், பிறகு கடைக்கு வந்து தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார். "ஸ்க்ரூ லூசாயிடுச்சுங்க." எந்த மூக்குக்கண்ணாடிக்கும் மாதம் தவறாமல் திருகு கழலாது என்பது இருபது வருஷமாகத் தொழில் செய்யும் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தே கடைசி அரைச் சுற்றை முடுக்காமல் விடுவாள். நடுநடுவே நீலச் சட்டைக்காரர் ஒருவர் வந்து லிஃப்டுக்கு எண்ணெய் போடுவார். எண்ணெய்க்கு ஒருவர், துடைக்க ஒருவர் போலும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது துடைக்கிறவர்.

அன்று அவர் மூக்குக்கண்ணாடியை நீட்டவில்லை. "வீட்ல விருந்தாளியா?" என்று கேட்டார்.

அக்கா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "ஆமா. அவரு காலத்துலேருந்தே இருக்கார்போல. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

"உங்களுக்கே தெரியாமலா?"

"சத்தமே போடமாட்டார்."

அவர் அக்காவின் வீட்டில் எத்தனை அறை இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒரு சின்னச் சமாளிப்பு போதும் என்று அக்கா நினைத்து, ஆள் யாருக்கும் தொந்தரவில்லை, டாக்டர் பார்வையில் இருக்கிறார் என்றாள். அதோடு விருந்தாளி நோயாளியும் ஆனார்.

அந்த வாரமே அக்கா ஐந்தாம் மாடிக்குப் போய், ஏற்கெனவே வந்துவிட்ட எனக்கு இனி எதற்குத் தடுப்பூசி என்று கேட்டாள். டாக்டரம்மா பொறுமைசாலி. அந்தக் கூட்டத்தில் பல வகை உண்டு, உன்னிடம் இருப்பது ஒன்று, இந்த ஊசி அதை ஒன்றும் செய்யாது, இன்னும் வராத சில வகைகளைத் தடுக்கும், உன் வயதில் பலன் கொஞ்சம் குறைவு, யோசித்துச் சொல் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு நேராகப் பார்த்தார்.

"புதுசா யாராவது வாழ்க்கையில வர வாய்ப்பு இருக்காம்மா?"

ஒன்பது வருஷமாக அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வி. அவள் ஜன்னலைப் பார்த்தாள், எடைபோடும் மெஷினைப் பார்த்தாள். வேட்டி காயும் கொடி, இரண்டாவது தம்ளர், குளியலறையில் யாரோ இருமும் சத்தம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"மாசத்துல ஒரு தரம் வாய்ப்பு இருக்கு டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா மேற்கொண்டு கேட்காமல் மூன்று ஊசி எழுதினார். இன்றைக்கு ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை லிஃப்ட்காரர் ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, உடம்பு முடியாதவருக்கு என்று வைத்தார். அக்கா வீட்டில் தனியாக உட்கார்ந்து பதினோரு பழத்தையும் தின்றாள். விருந்தாளிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதால் அது பொய்யில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் மாதம் அவர் நலம் விசாரித்தார். இதோடு முடித்துவிடலாம் என்று அக்கா, "இன்னும் ஒரு வருஷத்துல போயிடுவார். டாக்டரே சொல்லிட்டாங்க" என்று சிரித்தமுகமாகச் சொன்னாள். சாகக் கிடக்கும் மனுஷனைப் பற்றி ஒரு பெண்பிள்ளை இப்படிச் சிரிப்பாளா என்று அவர் இரண்டடி பின்னால் போனார்.

நாலாம் மாதம் வரவில்லை. ஐந்தாம் மாதமும் வரவில்லை. பட்டன் பலகையில் விரல்ரேகை ஏறியது. அக்கா அதைத் துடைக்காமல் தினமும் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் ஊசியன்று முதல் திங்கட்கிழமை. லிஃப்ட் கெட்டால் அவரைக் கூப்பிடத்தானே வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஒரு மூக்குக்கண்ணாடித் திருகைக் கதவுப் பள்ளத்தில் போட்டுவிட்டு ஏறினாள். கடுகளவு திருகு அவ்வளவு பெரிய லிஃப்டை நிறுத்துமா என்று கேட்பீர்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நிறுத்தியது.

கால்மணி நேரம் கழித்து வெளியே ஸ்பேனர் சத்தம் கேட்டது. அக்காவுக்கு அழுகையும் தைரியமும் சேர்ந்து வந்தன.

"கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. முகத்தைப் பார்த்தா சொல்ல வராது. வீட்ல ஒரு ஆளும் இல்லை. அது ஒரு கிருமி. எனக்குள்ள இருக்கு. ஆரஞ்சு பூரா நான்தான் தின்னேன். இந்த ஊசி அதுக்கு இல்லை. புதுசா ஒருத்தர் வருவார்னு டாக்டர்கிட்ட சொல்லித்தான் போட்டுக்கறேன். அந்த ஒருத்தர் ரெண்டு மாசமா வரலை."

ஸ்பேனர் சத்தம் நின்றது. கதவு கிரீச்சென்று பிளந்தது. எதிரே நீலச் சட்டைக்காரர், காதுவரை சிவந்துபோய். அவர் பின்னால் பழுப்புச் சட்டைக்காரர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஊசிக்கு நேரமாச்சுங்க" என்றார் கூரையிடம். "நான் கூட வரேன்."

அக்காவுக்கு வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நீலச் சட்டைக்காரரைப் பார்த்து, "உங்க ஆள் ரெண்டு மாசமா சர்வீசுக்கு வராததாலதான் லிஃப்ட் நிக்குது" என்று சீறினாள்.

"எங்க ஆளா?" என்றார் நீலச் சட்டைக்காரர். "கீழே நின்னுட்டிருந்தவர் டார்ச் பிடிக்கறேன்னு கூட வந்தார். இந்த லிஃப்ட் அவர் கம்பெனியை விட்டு எங்க கைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சும்மா. மாசாமாசம் யாரு வந்து துடைச்சுட்டுப் போறாங்கன்னு நானும்தான் தேடிக்கிட்டிருந்தேன்."