அக்கா தூங்கியபோது எடுத்த படம்

கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி. படிக்கட்டு முழுக்கத் தாய்மார்கள், மூச்சுவிட இடமில்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் சாமியார் அல்ல. விஞ்ஞானியாம்! கோட்டு, குளிர்கண்ணாடி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஊர் வைத்த பெயர் கருந்திரையார். ஆள் யாரென்றே தெரியாமல் பலர் புழங்கும் 'டார்க் வெப்' என்ற மறைவலைக்குள் அவர் கண் மட்டும் நுழையுமாம். பெயர் சொன்னால் போதும். உங்கள் வீட்டுப் பெண்ணின் படம் அங்கே விலைபோகிறதா என்று சொல்லிவிடுவார். இதுவரை ஒருவருக்குக்கூட 'இல்லை' என்று வந்ததில்லை. ஏன் என்று கேட்டவரும் இல்லை.

தையற்கடைக்காரம்மாவுக்குப் போன மாதம் வாக்கு கிடைத்தது. "உங்க பொண்ணு படம் ஏழாவது அடுக்குல இருக்கும்மா. நான் அழிக்கிற வரைக்கும் அவள வெளியில விடாதீங்க."

அம்மா மகளின் போனைப் பீரோவில் பூட்டினார். நர்சிங் கல்லூரிக்கும் முழுக்கு. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அம்மா அழுதார், ஆனால் அனுப்பவில்லை.

சனிக்கிழமை அம்மாவோடு மகளும் மாடியேறினாள். கையில் போர்வை சுற்றிய பெரிய மூட்டை.

"சார், எங்க அக்காவுக்கும் பாருங்க. பேரு மேகலை."

அம்மா விழித்தார். மகள் அவர் கையை அழுத்தினாள்.

கருந்திரையார் தட்டினார். பச்சை எழுத்து ஓடியது. "ஐயையோ! அக்கா தூங்குறப்ப யாரோ எடுத்திருக்கான். நூத்திப்பத்து பேர் பார்த்தாச்சு!"

"நல்லாத் தெரியுதா சார்? அக்காதானா?"

"உங்க ஜாடையேதான்மா!"

மகள் போர்வையை உருவினாள். கடை வாசலில் சுடிதார் மாட்டி நிறுத்தும் பிளாஸ்டிக் பொம்மை!

"இதுதான் சார் எங்க அக்கா. இவளுக்குக் கண்ணை மூடவே தெரியாது. எப்படித் தூங்கினா?"

படிக்கட்டு அதிர்ந்தது. கருந்திரையாருக்குத் திடீரென்று 'நெட்வொர்க்' போய்விட்டது. வழிவிடுங்கள் என்று கெஞ்சினார், யாரும் விடவில்லை. அந்தக் களேபரத்திலும் ஓர் அம்மாள் கவலையாகக் கேட்டார்: "அப்ப எங்க பொண்ணு படத்த இனிமே யாரு அழிப்பாங்க?" இவர்களை என்ன செய்வது!

தையற்கடைக்காரம்மா இடுப்பிலிருந்து பீரோச் சாவியை எடுத்து நீட்டினார். "நல்லவேளை, உன் படம் அங்க இல்லடி. இனிமே நீ காலேஜுக்குப் போகலாம்."

மகள் சாவியை வாங்கவில்லை.

"நெஜமாவே இருந்திருந்தா? அப்பவும் பூட்ட வேண்டியது திருடனையா, என்னையா? இப்பவாவது யோசிம்மா."